ஏழாம் எண் கிளிப்

துணி காயப்போட கிளிப் வாங்கினால் மரத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக் கிளிப் ஒரு கோடை தாங்காது, வாயைப் பிளந்துவிடும். எங்கள் படகுச் சங்கத்தில் பதினோரு வருடமாக அதே மரக் கிளிப்புகள்தான். அவற்றுக்கு நான்தான் பொறுப்பு.

கிளிப் எதற்கென்று கேட்டீர்கள். பொம்மைப் படகுகளை ஏரிக்கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிறோம். எல்லாம் பழைய ரிமோட். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண்ணுள்ள இரண்டு ரிமோட்டை ஒரே நேரத்தில் போட்டால் படகுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், யார் பேச்சையும் கேட்காது. அதனால் அந்த எண் எழுதிய கிளிப்பை என்னிடம் வாங்கி ரிமோட்டின் ஏரியல் கம்பியில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஓட்டலாம். ஏழு வெளியே போயிருந்தால், இன்னொரு ஏழாம் எண்காரர் அது திரும்பும் வரை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பதினோரு வருடத்தில் என் மேஜையில் ஒரு குளறுபடி நடந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவரை அங்கே கேப்டன் என்பார்கள். குடிநீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தண்ணீரோடு அவருக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

ஐந்தடி நீளப் பயணிகள் கப்பல் ஒன்றை அவர்தான் ஆரம்பித்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் "இதைக் கொஞ்சம் பிடி" என்றார். பிறகு "நீயே ஒட்டு" என்றார். அப்புறம் அந்த அறைக்கு வருவதே டீ குடிக்கத்தான். பக்கப் பலகை இழைத்தது, இருநூற்றுப் பதினான்கு கைப்பிடிக் கம்பிகளைக் குண்டூசியில் செய்து ஒட்டியது, மோட்டார் வைத்தது, அடியில் ஈயக்கட்டி அடுக்கியது, விடியற்காலையில் ஏரிக்குக் கொண்டுபோய் மிதக்கவிட்டுப் பார்த்தது, எல்லாம் நான். எனக்கு அதில் வருத்தமில்லை. கை வேலை எனக்குப் பிடிக்கும்.

பொதுமக்கள் பார்க்கவரும் நாளில் ஒவ்வொரு படகின் முன்னாலும் ஓர் அட்டை வைப்போம். பெயர், நீளம், கட்டியவர். என் கையெழுத்து அழகென்று அட்டைகளை என்னிடம்தான் கொடுப்பார்கள். இந்தத் தடவை அதற்கு முந்தின நாள் அவரிடம் கேட்டேன்.

"கட்டியவர்ங்கிற இடத்துல என் பேரையும் சேர்த்து எழுதட்டுமா?"

"எதுக்கு?"

"நானும்தானே கட்டினேன்."

"கை உன்னோடது. மூளை என்னோடது. எழுதினா ஜனங்க சிரிப்பாங்கடி."

அவர் பெயரை மட்டும் எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது.

மறுநாள் நல்ல கூட்டம். மைக் பிடித்திருந்தவர் சங்கத்துச் செயலாளர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். கப்பலைப் பார்த்து அசந்துபோய் மைக்கிலேயே கேட்டார்.

"கேப்டன், இவ்வளவையும் தனி ஆளாவா செஞ்சீங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் காத்திருந்தேன்.

"தனி ஆளாத்தான். வீட்டம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுலருந்து ஆள் வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அவருக்கு ஏழாம் எண் கிளிப்பைக் கொடுத்தேன்.

கப்பல் அழகாகப் போனது. ஏரியின் நடுவை அது நெருங்கியபோது பல் டாக்டர் என் மேஜைக்கு வந்தார். அவர் படகும் ஏழாம் எண்தான்.

"ஏழு திரும்பி வந்துடுச்சா அக்கா?"

"வந்துடுச்சு டாக்டர், எடுத்துக்குங்க."

தொலைந்தால் ஆகுமென்று செய்துவைத்த உபரி ஏழு ஒன்று டப்பாவில் இருந்தது. அதைக் கொடுத்தேன். அவர் ரிமோட்டைப் போட்டதும் கப்பல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடிப்பாசிக்குள் போய் மாட்டிக்கொண்டது.

நின்றுபோன படகைச் சொந்தக்காரரே போய் எடுத்துவர வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. அது சங்கத்து விதி. அதற்கு ஒரு சின்னத் துடுப்புப் படகு உண்டு. என் கணவர் அதில் ஏறும்போது மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினேன். கோட்டு கசங்கிவிடும் என்று வேண்டாமென்றார். இதற்குச் சாட்சி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கப்பல் தண்ணீரில் இறகு மாதிரித் தெரியும். ஈயத்தோடு சேர்த்து இருபத்திரண்டு கிலோ. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்து, மேல்தளத்தைத் திறந்து, ஈயத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். கட்டியவருக்கு இது தெரியும். இவர் அதை ஒரு நாளும் தூக்கியதில்லை. ஒரு கையால் கரையைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு, மறு கையால் எட்டிப் பிடித்துத் தூக்கினார். துடுப்புப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிதானமாகத்தான் கவிழ்ந்தது.

நான் அவரைத் தள்ளவில்லை. நான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவே எழுபது கஜம் இருக்கும்.

ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். அவர் ஒருமுறை மேலே வந்தார், கையை ஆட்டினார். பல் டாக்டர் தண்ணீரில் குதிக்க ஒரு ஷூவைக் கழற்றிவிட்டார். செயலாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, கேப்டனுக்கு நீச்சல் தெரியும்ல?"

வாலிபத்தில் கடலில் மூன்று மைல் நீந்தியதாக அவர் சங்கத்தில் ஒரு கதை சொல்வார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய எனக்குத்தான் தெரியும், அவர் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

"கடல்ல நீந்தின மனுஷன் தம்பி. வேடிக்கை காட்டுறார்."

அவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். புருஷன் பேச்சைச் சபையில் ஒரு நாளும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. செயலாளர் அதை மைக்கில் சொன்னார். கைதட்டல் கேட்டது. அவர் இரண்டாவது தடவை மேலே வந்தது அப்போதுதான்.

பல் டாக்டருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "உண்மையாவா அக்கா?" என்றார். "போட்டுக்குங்க டாக்டர், கால்ல கல் குத்தும்" என்றேன். அவர் குனிந்து ஷூவை மாட்டி லேஸைக் கட்டி முடிக்கும் வரை, என் கடைவாய்ப் பல் வலியைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.