பெரட்டுக்குப் பச்சை

மற்றவர்களைத் தொந்தரவு செய்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. மனைவிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால்கூட, பார்த்தாளா இல்லையா என்று திரும்பக் கேட்கமாட்டேன். "நீங்கள் அனுப்பிறதும் ஒண்டுதான், அனுப்பாததும் ஒண்டுதான்" என்று லதுஷா நக்கலடிப்பாள். அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று நினைக்கிறவன் நான்.

பெயர் மதுசூதனன். பதுளை நகரில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் வைத்திருக்கிறேன். விசாரணை என்றதும் வக்கீலோடு போகச் சொன்னார்கள். எதற்கு? ஒளிக்க ஒன்றுமில்லை. நான் ஆற அமரச் சொல்கிறேன், நீங்களும் ஆற அமர எழுதுங்கள் ஐயா.

பெரகலைக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே குன்றின் உச்சியில், ஒரு மழைமானி வைத்தோம். எவ்வளவு மழை பெய்தது என்பதை அது எங்கள் கணினிக்குச் சொல்லும். எங்கள் கணினி கணக்குப் போட்டு, மண்சரிவு ஆபத்து உண்டா என்பதைத் தோட்ட அலுவலகத்துக் கணினிக்கு ஒரு நிறமாக அனுப்பும். சிவப்பு என்றால் அன்று மலையில் வேலை கிடையாது. பச்சை என்றால் வழக்கம்போல் வேலை. விடியற்காலையில் பெரட்டு கூடி ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது, கங்காணி அந்த நிறத்தைச் சத்தமாகச் சொல்வார்.

இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ள ஒரு நெறிமுறை வேண்டும். எதை எந்த ஒழுங்கில் சொல்வது, கேட்ட பக்கம் என்ன செய்வது என்ற உடன்பாடுதான் அது. என் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்றில், மழைமானி தகவலை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதில் வரும்வரை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். மற்றதில் ஒரே தடவைதான் அனுப்பும், பதிலுக்குக் காத்திராது. நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று இதற்குள் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

நியாயமான காரணங்களும் இருந்தன. பற்றரி நீண்ட நாள் தாங்கும். திரையும் சட்டென்று மாறும். திறப்பு விழாவில் பிரமுகர் ஒருவர் மழைமானிக்குள் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினார். கண்மூடித் திறப்பதற்குள் திரை சிவப்பானது. அப்படி ஒரு கைதட்டலை நான் அதுவரை வாங்கியதில்லை.

துஷ்யந்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என் நிறுவனத்துப் பொறியியலாளர். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா பூவம்மா அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். "சேர், மழை பலமா அடிச்சா அந்த உச்சியில சிக்னல் நிக்காது. நமக்கு ரொம்பத் தேவைப்படுற நேரத்துலதான் இது ஊமையாயிரும்" என்றாள். அவள் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்களைச் சமாதானப்படுத்துவது லேசு. செய்தி வராத நேரத்தில் சாம்பல் நிறம் காட்டலாம், 'தெரியாது' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கும் அது போதுமாயிருந்தது.

சாம்பல் நிறம் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூடுபனி இறங்கினாலே திரை சாம்பலாகிவிடும். 'தெரியாது' என்று கேட்டதும் பெரட்டுக்கு வந்த பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். தோட்டத்து மேலாளர் ஜெயகுமார் போன் எடுத்தார். "மிஸ்டர் மது, உங்க மெசினுக்கே தெரியலன்னா நான் எதுக்கு வேலைய நிறுத்தணும்? பச்சையா செவப்பா, ரெண்டுல ஒன்னச் சொல்லச் சொல்லுங்க."

மனுஷன் கேட்டதில் என்ன பிழை? மற்றத் தோட்டங்களுக்கும் எங்கள் திட்டத்தைச் சிபாரிசு செய்ய இருந்தவர் அவர். ஒரே ஒரு வரியை மாற்றினேன். அதன் பிறகு, செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த நிறமே திரையில் நிற்கும். நாங்கள் பொய் சொல்லவில்லை, பாருங்கள். கடைசியாகத் தெரிந்த உண்மையைச் சொன்னோம். துஷ்யந்தியிடம் இதைச் சொல்லவில்லை. வீணாக மனம் நொந்துபோவாள்.

மழைமானி வருவதற்கு முன்னால் அந்தப் பெண்களுக்கு வேறொரு வழக்கம் இருந்தது. லயத்துக்கு மேலே ஓடும் வடிகால் கானைப் பார்ப்பார்கள். தண்ணீர் செம்மண்ணாக வந்தால் மலையேறமாட்டார்கள். கங்காணியும் முறைத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். அப்படி நின்றவர்களுக்கு அரைப் பேராவது போட்டுக்கொடுப்பார். எங்கள் திரை வந்த பிறகு அந்தச் சலுகை போயிற்று. பச்சை என்று சொல்லியும் வராதவருக்குப் பேரே கிடையாது. என் கைவேலைக்கு அவ்வளவு மதிப்பு வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சரி, அன்றைக்கு வருவோம். இரவு முழுக்க மழை. விடிகிற நேரம், திரையைப் பார்வையிட அந்தத் தோட்டத்துக்குத்தான் புறப்பட்டேன். வாகனத்தை ஓட்டியவன் எங்கள் சாரதி றினாஸ். ஹாலிஎல தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தேன். திரை பச்சை. உள்ளே போய்ப் பதிவுகளைப் பார்த்தேன். முதல் நாள் மாலையிலிருந்து மழைமானியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. திரையில் நின்றது முந்திய நாளின் பச்சை. என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

"வாகனத்தைத் திருப்பும் றினாஸ். இந்த மழைக்குள்ள மலைப்பக்கம் வேண்டாம்" என்றேன்.

அவன் திருப்பிக்கொண்டிருக்கும்போதே துஷ்யந்தி அழைத்தாள். பதுளையில் அவள் தங்கியிருந்த அறையிலிருந்து பேசினாள். "சேர், அம்மா இப்பதான் போன்ல பேசுனாங்க. கானுல செம்மண்ணாத் தண்ணி வருதாம், மலைக்குப் போக பயமா இருக்குங்குறாங்க. ஆனா பெரட்டுல பச்சைன்னு சொல்லிட்டாங்களாம். போகச் சொல்லவா சேர்?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சாம்பல் நிறம் எங்கே போனது என்று கேட்பாள். அந்த வாரம்தான் மற்றத் தோட்டங்களோடு கையெழுத்து வைப்பதாக இருந்தது. இவ்வளவையும் வாகனத்தில் இருந்துகொண்டு விளக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

"பச்சைதானே பிள்ளை. பயப்பிடாமல் போகச் சொல்லுங்கோ."

"சரிங்க சேர்" என்றாள். அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. கேட்க எனக்கும் நிம்மதியாக இருந்தது.

றினாஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "சேர், பச்சைண்டுதானே சொன்னீங்க. அப்ப நாம ஏன் திரும்புற?"

ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

நான் வீட்டுக்கு வந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மலை சரிந்த செய்தி வந்தது. பூவம்மாவும் அவரோடு கொழுந்துக்குப் போன பெண்களும் மண்ணுக்கு அடியில். துஷ்யந்தி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறாளாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இயந்திரக் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மழைமானியும் நெறிமுறையும் திரையும் நான் சொல்லிவைத்தபடியே வேலை செய்தன. அது பச்சை இல்லை என்று தெரிந்துகொண்டே பூவம்மாவை மலைக்கு அனுப்பியவன் நான். அதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் வாகனத்தைத் திருப்பியது பயத்தால் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது ஐயா. மற்றத் தோட்டங்களுக்கும் இதைப் போட்டுக்கொடுக்க ஓர் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.