பதினொரு மணி இன்டர்வியூ

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணினா அணைய மாட்டேங்குது, ஆன் பண்ணினா முழிக்க மாட்டேங்குது."

முசிறியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்ணின் போன் ஸ்பீக்கரில் அவள் கணவரின் குரல் கேட்டது. அவர் ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்தார். அவருக்கு வேலை போய் எட்டு மாதம் கழித்து வந்த முதல் இன்டர்வியூ அன்று பதினொரு மணிக்கு, அந்தக் கம்ப்யூட்டரில்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"எதையாவது மாத்தினீங்களா?"

"வேகமா ஓடட்டும்னு வீடியோ பார்த்து, ஆன் ஆகுறப்போ முதல்ல ஓடுற அந்த பயாஸ் செட்டிங்கை மாத்தினேன்."

"பரவாயில்லை. பிளக்கைப் பிடுங்கிட்டுப் பெட்டியைத் திறங்க. உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வைங்க. செட்டிங் பழையபடி ஆயிடும்."

"ஃபைலெல்லாம் போயிடுமா?"

"போகாதுங்க."

பஸ் குணசீலம் தாண்டும்வரை இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு அவர் பேட்டரியை மாட்டி, பிளக்கைச் செருகி, ஆன் செய்வது கேட்டது.

"வந்துடுச்சு!"

அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"ஒழுங்கா அணையுதான்னும் பார்த்துடவா?"

"ஐயோ, இப்போ எதையும் தொடாதீங்க. ஷேவ் பண்ணிட்டு, நல்ல சட்டையா போட்டு உட்காருங்க. அணையுதான்னு சாயங்காலம் ரெண்டு பேருமா பார்த்துக்கலாம்."