பின்னால் மிதிக்கும் கால்

டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "வண்டி நல்லா ஓடுது. அதான்க்கா பயமா இருக்கு."

"எந்த வண்டி?" என்றார் மூத்தவர்.

"எங்க வூட்டுக்காரரு வச்சிருக்காரே, பழைய மொபெட்டு. இன்ஜின் போயிடுச்சின்னு முத்தியால்பேட்டை பட்டறையில புது பைக் இன்ஜினை மாட்டிட்டாரு. சைக்கிளாட்டம் போனது, இப்ப பஸ்ஸை முந்துது."

"பிரேக்கு புடிக்கலியா?"

"புடிக்குது. முன்ன பெடலைப் பின்னால மிதிச்சாத்தான் பின்சக்கரம் நிக்கும். புது இன்ஜின் அகலமா இருக்குன்னு பெடலை அறுத்துட்டு, பிரேக்கைக் கைக்கு மாத்திட்டாங்க."

"அப்புறம் என்ன பயம்?"

"முப்பது வருஷமா பின்னால மிதிச்சே பழகின காலாச்சே அக்கா. நேத்து பிள்ளைச்சாவடி ரோட்டுல முன்னால போன லாரி டக்குன்னு நின்னுடுச்சி. இவரு கை சும்மா இருக்குது, கால் காத்துல பின்னால மிதிக்குது. நான் தோள்ல ஓங்கி அடிச்ச பிறவுதான் கை பிரேக்கைப் புடிச்சாரு. லாரி ஒரு சாண் தூரத்துல."

"இனிமே அதுல ஏறாத."

"நான் ஏறலன்னா அவரு தோள்ல யாரு அடிக்கறது, அக்கா?"

கருவடிக்குப்பத்தில் சன்னலோரப் பெண் இறங்கினார். பழைய மொபெட்டோடு ஒருவர் சிரித்தபடி காத்திருந்தார். அந்தப் பெண் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஒரு கை சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை அவர் கணவரின் தோளில் வைக்கவில்லை. தோளுக்கு மேலே ஓங்கியபடியே வைத்திருந்தார்.