ஜெயித்த முதுகு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “என்ற முதுகு ஜெயிச்சுப் போச்சுங்கக்கா!”

நான்கைந்து தலைகள் திரும்பின. அவள் கணவர் போட்டோ பிடிப்பவர். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குச் சேலைப் படம் கேட்டிருந்தார்களாம்.

“நாடகத்துல நடிக்கற பொண்ணச் சேலை கட்டச் சொல்லி எடுத்தாருங்க. ‘எல்லாரும் மூஞ்சியத்தான் பாக்கறாங்க, சேலைய யாரு பாக்கறாங்க?’ன்னு கடை முதலாளி படத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு. மறுக்காவும் அதே கதை. இன்னொருக்கா தப்புனா வேற ஆளுன்னுட்டாரு. எங்கூட்டுக்காரரு சோறே திங்கலீங்க.”

“அப்புறம்?”

“சேலை எப்படி உழுவுதுன்னு பாக்கறதுக்கு நாங் கட்டிக்கிட்டு நின்னேன். உள்ளார கொழந்தை அழுவவும் திரும்பிட்டேன். ‘அப்படியே நில்லு!’ன்னு கத்துனாரு. முந்தானைப் பூவெல்லாம் முதுகுல விரிஞ்சு நின்னுதுங்க. படத்தப் பாத்ததும், ‘இதுதாய்யா சேலை!’ன்னு முதலாளி எந்திரிச்சே நின்னுட்டாரு. இப்பக் கடை வாசல்ல ஆளு ஒசரத்துப் படமா நிக்கறேன். பொம்பளைங்க வந்து, ‘அந்த முதுகுச் சேலை குடுங்க’ன்னு கேக்கறாங்க!”

“உனக்கு ஒண்ணு குடுத்திருப்பாங்களே, சாமி?”

“எங்கீங்க! இருந்ததெல்லாம் தீந்துபோயி, நாங் கட்டியிருந்ததையும் வாங்கிட்டுப் போயி வித்துப்போட்டாங்க,” என்று அவள் பஸ் அதிரச் சிரித்தாள்.