அத்தானைப் படுக்கப் போகச் சொன்ன கரடி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே இந்தச் சிட்னியில் மூன்று கடை திறந்தவன். பேச்சைக் கேட்டே ஆளை அளந்துவிடுவேன். நேற்று ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறியபோது, முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துச் சகோதரிகள். மூத்தவர் சொன்னார்:

“உன்ர நாலு வயசு மகள் என்ர மனுசனைப் படுக்கப் போகச் சொன்னவள்.”

“அவள் குழந்தை, அக்கா. டிவியில ஏழு மணிக்குக் கரடிக்குட்டி கொட்டாவி விட்டு ‘குட் நைட்’ சொன்னா எல்லாரும் படுக்கவேணும் எண்டு பழக்கிப்போட்டன்.”

“விருந்துக்கு வந்த ஆக்களுமோ? அவர் புது வீடு வாங்கின கதையைப் பாதிதான் சொன்னவர். அதுக்குள்ள லைட்டையும் நூத்து இருட்டாக்கிப்போட்டாள்.”

“இந்தப் பழக்கத்தைச் சொல்லித்தந்ததே நீங்கள்தானே. உங்கட பிள்ளையளும் அந்தக் கரடியைப் பாத்துத்தானே படுத்ததுகள்?”

ரயில் பரமட்டாவைத் தாண்டியது. நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். அடுத்தவர் பேச்சில் தலையிடாததால்தான் என் மூன்று கடையும் நிற்கின்றன.

“சனிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள், அக்கா. பெரியம்மா வராட்டி கேக் வெட்டமாட்டாளாம். அத்தான் கோவத்தில உங்களையும் மறிச்சுப்போடுவாரோ?”

“அவருக்கென்ன கோவம்? மிச்சக் கதையைச் சொல்லவெண்டே வருவார்.”

“அப்ப அண்டைக்கு நான் டிவி போடமாட்டன்.”

“விசரி! ஏழு மணிக்குக் கட்டாயம் போடு. அந்த மனுசனை ஒரு வீட்டில இருந்து கிளப்ப, இருபது வருசமா எனக்கு வேற வழி கிடைக்கேல்லை.”