பந்தயத்துக்கு நீண்ட கை

சிவகாசிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் ஜோடி. இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஆமத்தூர் தாண்டியதும் அந்தப் பெண் சத்தமாகவே சொன்னாள்:

“இனிமே சீட்டாட்டத்தைக் கம்பெனிக்குள்ள வச்சுக்கிடுங்க.”

“ஏன்டி, என்னைய வேலையை விட்டுத் தூக்கவா?”

“அங்கன கேட்லயே தீப்பெட்டியை வாங்கி வச்சுக்கிறாக. சாயங்காலம் வரைக்கும் சிகரெட் இல்லாம நல்லாத்தான இருக்கீக? சீட்டு கைக்கு வந்தாத்தான் பாக்கெட் பாக்கெட்டா ஊதுறீக.”

“தோக்கும்போது கை நடுங்குது. ஒண்ணு பத்த வச்சா நிக்குது.”

“ஜெயிக்கும்போது?”

“அது சந்தோசத்துக்கு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இன்னையோட சிகரெட்டை விடுறேன், பாரு.”

“விட மாட்டீக.”

“பந்தயமா?” உடனே கையை நீட்டினான். முகத்தில் அப்படியொரு குஷி. “நான் தோத்தா என் செல்போனு உனக்கு. ஜெயிச்சா உன் கொலுசு எனக்கு.”

அவள் அந்தக் கையில் அடிக்கவில்லை. கால்கள் இரண்டையும் மெல்ல இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.