புகை படுத்துக் கிடந்த மார்கழி

மூச்சுத் திணறி வந்தோரை முகம் மலர அனுப்பியவரே! அன்பும் அறிவும் அஞ்சாமையும் அணியெனப் பூண்ட தாதிய உத்தியோகத்தரே! எங்கள் ஜெயகௌரி மிஸி அவர்களே! மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திலிருந்து ஓய்வு பெறும் உங்களை வாழ்த்துமுன், ஒரு மார்கழிக் காலையை இச்சபைக்குச் சொல்லியாக வேண்டும்.

அச்சுவேலித் தோட்டக்காரர் பஞ்சலிங்கம் மூச்சு முட்டுக்கு மருந்தெடுக்க விடியமுன்னரே வந்துவிடுவார். முட்டு குளிரால் வருகிறது என்பது அவர் எண்ணம். நிலையத் தொழிலாளி யாகப்பு முற்றம் கூட்டிச் சருகைக் கொளுத்தினால், அருகே வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு அமர்ந்து குளிர்காய்வார். வீட்டில் ஆறியிருந்த முட்டு இங்கே வந்துதான் ஏறும். அன்று மூச்சோடு இழுக்கும் மருந்துப் பம்பை மிஸியின் மேசையில் திருப்பி வைத்துவிட்டார்.

"உந்த மருந்து சரிவராது, மிஸி. இனி நான் வரமாட்டன்."

மருந்தை விட்டால் அவர் அந்த மார்கழியைத் தாண்டமாட்டார் என்பது ஜெயகௌரிக்குத் தெரியும். வெளியே போய் நெருப்பைப் பார்த்தார். புகை ஆளுயரம் எழுந்து, அங்கேயே படுத்து, வாங்கை நோக்கி ஊர்ந்தது. இருவரையும் அழைத்து, புகை எட்டாத தூரத்தில் நிறுத்தி, வெயில் ஏறும்வரை அதைப் பார்க்க வைத்தார். இரவில் நிலம் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே நிற்கும் இளஞ்சூட்டுக் காற்று அதற்கு மூடியாகிவிடும். கடல் கடந்து வரும் மாசும் அந்த மூடிக்குள்ளேயே தங்கும். பருவம் பிசகிக் காற்று அசையாத நாள்கள் கூடினால், தங்குவதும் கூடும். மயிரிழையிலும் மெல்லிய துகள்கள் நெஞ்சின் சிறு குழாய்களில் இறங்க, அவை வீங்கி ஒடுங்கும். அதுதான் முட்டு என்றார். வெயில் ஏறியதும் புகை கலைந்து மேலே போனது.

யாகப்பு தாடையைச் சொறிந்தார். "அப்ப, வெயில் ஏறினாப் பிறகு கொளுத்துவமே?"

"மேலை போற புகையும் ஆரின்ரையோ மூக்கைத் தேடித்தான் இறங்கும், அண்ணை."

மறுநாள் யாகப்பு மண்வெட்டியோடு வந்து சருகைப் போட்டு மக்கவிடக் கிடங்கு வெட்டினார். பஞ்சலிங்கம் பம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இன்று அக்கிடங்கின் பசளை அவருடைய வெங்காயப் பாத்திகளுக்குப் போகிறது.

மிஸி, நீங்கள் அதோடு நிற்கவில்லை. அயலெல்லாம் வீடு வீடாகப் போனீர்கள். சிலர் படலையைச் சாத்தினார்கள், மறுநாளும் போனீர்கள். இன்னும் சில முற்றங்களில் புகை எழுகிறது. அந்தப் படலைகளை இனி நாங்கள் தட்டுவோம்.

இன்று வெடி கொளுத்தி உங்களை வழியனுப்ப இளைய ஊழியர் சிலர் ஆசைப்பட்டார்கள். யாகப்பு பெட்டியைப் பறித்துவிட்டார்; அது இப்போது தண்ணீர் வாளிக்குள் கிடக்கிறது.

நீடு வாழ்க! நிறைந்த மூச்செடுத்து நலமாய் வாழ்க!

அன்புடன்,
நிலைய ஊழியர் அனைவரும்,
முன் வாங்கில் இருக்கும் பஞ்சலிங்கமும்.